பிரேக்கு மிதிக்கும் உத்தியோகம்

வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டால் சமையலும் பிள்ளையும் மட்டும் நம் வேலை இல்லை, பிரேக்கு மிதிக்கிறதும் நம் வேலைதான். கார்க்கார வீட்டுச் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து மிதிப்பேன். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? வளையலை ஆட்டினால் மிதித்தாயிற்று என்று அர்த்தம். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராணியார் வைத்த கெடு

எங்கள் ஊரான யோங் பெங்கில் எங்கள் கார் வருவதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. பிரேக்கைத் தொட்டால் போதும், பன்றியைப் பிடித்துக் கட்டுகிற மாதிரி ஒரு கீச்சல். தூங்குகிற பாப்பா எழுந்துவிடும்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு நிலையான சவாரி அவர் வீட்டுச் சவாரிதான். அவர் சம்சாரத்துக்கு அது எட்டாவது மாதம். வலி எடுத்தால் பத்து பாகாட் டவுன் ஆசுபத்திரிக்கு எங்கள் வண்டியில் போவதாகப் பேச்சு. ஒருநாள் இறங்கும்போது நின்று சொன்னார்: "தம்பி, இப்பிடிக் கத்துற பிரேக்கை நம்பி என்ர மனுசியை ஏத்த மாட்டன். அடுத்த மாசத்துக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லாட்டி சந்தியில நிக்கிற மற்றக் காருக்குச் சொல்லிப்போடுவன்."

பவளக்கா செய்த உபகாரம்

முதலில் பனியில் பிரேக்கு துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தோம். காலையில் நாலு தரம் மிதித்தால் அது போய்விடுமாம். எங்களுக்குப் போகவில்லை. மத்தியானமும் கத்தியது. என் வீட்டுக்காரர் தூசியைத் தட்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு நாள் அடங்கும், மறுநாள் ராகம் மாற்றிக் கத்தும்.

பவளக்கா தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு எங்கள் காரில்தான் வருவார். ஊரில் மாட்டு வண்டி வைத்திருந்த குடும்பம். அச்சு கத்தினால் எண்ணெய் விடுவது அவருக்குப் பழக்கம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், பாவம் தம்பி கஷ்டப்படுதே என்று நாலு சக்கரத்துக்குள்ளும் விளக்கெண்ணெயை விட்டிருக்கிறார். அக்காவையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. இறக்கத்தில் இவர் மிதித்தார், சத்தமே இல்லை. வண்டியும் நிற்கவில்லை. நேரே லாலான் புல்லுக்குள் போய்த்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவ ஒரு முழு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்தியது.

வண்டியிலிருந்து புல்லுக்குள் இறங்கிச் சேலையை உதறிக்கொண்டே பவளக்கா இவரிடம் கேட்டாராம்: "சத்தம் போச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு தம்பி."

பாப்பா சொன்ன சேதி

கடைசியில் பட்டறை வைத்திருக்கும் மணியம் அண்ணனைக் கூட்டி வந்தார். வண்டியை ஓட்டிக் கேட்க வேண்டும் என்று இருவரும் முன்னால் ஏறினார்கள். பாப்பா அழுததால் நானும் பின்னால் ஏறினேன். ஒவ்வொரு கீச்சலுக்கும் முன் இருக்கையில் ஒரு சண்டை. "வலது முன் சக்கரம்" என்பார் இவர். "இல்லை, இடது முன் சக்கரம்" என்பார் அண்ணன். எனக்கோ சத்தம் என் இடது காலுக்கு அடியிலிருந்தே வருகிறது. மிதிக்கும்போது பலகை காலில் அதிருகிறது.

அந்நிய ஆண் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. நம் வீடுகளில் வழக்கம்தானே, பாப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "அப்பாகிட்டச் சொல்லு கண்ணு, பின்னாடி இடது சக்கரத்தையும் ஒரு தரம் பாக்கச் சொல்லு." வண்டியை ஓரம் கட்டி அந்தச் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக்குப் பட்டை தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் செம்பு ஆணிகள் தலைநீட்டி இரும்பில் உரசிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரிலிருந்து புதுப் பட்டை வரவழைத்து, ஆணித் தலைகள் உள்ளே அமுங்கும்படி அடித்துக் கொடுத்தார் அண்ணன்.

போகும்போது பாப்பாவின் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: "தங்கச்சி பேசாதுன்னு நெனச்சேன், மருமக நல்லாத்தான் பேசுறா."

பத்து பாகாட் போன நாள்

கிராணியாரின் சம்சாரத்துக்கு வலி எடுத்தது ஒரு முற்பகல். ஆள் வந்ததும் இவர் புறப்பட்டார். துணைக்குப் பெண்பிள்ளை வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாப்பா பவளக்காவிடம். பொழுது சாயுமுன் பெண் குழந்தை, இருவரும் சுகம். ஆனால் எனக்கு நிற்கிற ஞாபகம் வழியில் நடந்ததுதான்.

அந்த அம்மா என் கையை நெரித்துக்கொண்டு அலறுகிறார். முன்னால் கிராணியார் திரும்பிப் பார்க்கப் பயந்து நேரே உட்கார்ந்திருக்கிறார். மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்து வளைவில் ஓர் எருமை குறுக்கே வந்தது. இவர் ஓங்கி மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் எருமை எங்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றிருந்தது.

அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்: "கேட்டியளே, இண்டைக்கு இந்தக் காருக்குள்ள கத்துறது நான் மட்டுந்தான்."

ஆக, ஒரு பிரேக்கின் வாயை அடைக்க எங்கள் வீட்டில் பேச வெட்கப்படுகிறவள் ஒருத்தியும் பேசவே தெரியாதவள் ஒருத்தியும் வேண்டியிருந்தது.