வாசலில் தொங்கிய பச்சைத் துண்டு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரசு போன் செய்தார். தேவசகாயத்தின் எதிர்வீட்டுக்காரர். "கண்டக்டர் போயிட்டாரு சார். பால் பாக்கெட்டு ரெண்டு நாளா அப்டியே கெடந்திச்சி. கதவ ஒடச்சிப் பாத்தோம்" என்றார்.

தேவசகாயம் உத்திரமேரூரில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு முன்னறையில் நான்கு கண்ணாடித் தொட்டிகள் வைத்து சிக்லிட் மீன்கள் வளர்த்தார். நெருப்பு நிறத்தில் நீலப் புள்ளிகள் மின்னும் மீன்கள். அவற்றை ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பதே அவருடைய நாளாக இருந்தது. "முப்பது வருசம் கூட்டத்துல நசுங்கினேன் ரிப்போர்ட்டரே. இதுங்க சில்லற கேக்கறதில்ல" என்பார்.

மீன் முட்டையிட்டதும் கேட்டில் ஒரு பச்சைத் துண்டைக் கட்டிவிடுவார். யாரும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். அது தெருவுக்கே தெரியும்.

நான்தான் ஒருமுறை மதிக்கவில்லை. ஏதோ செய்தி கேட்க அவசரமாக உள்ளே போய், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் தொட்டிக்குள் முட்டையிடுவதற்காக அவர் போட்டிருந்த மண் ஓட்டின் மேல் முட்டைகள் இல்லை. மிரண்டுபோன தாயும் தகப்பனுமே தின்றுவிட்டிருந்தன.

அவர் கோபப்படவில்லை. "பயந்துட்டா அதுங்களுக்குப் புள்ளைன்னு தெரியாது. குஞ்சு நீந்தற வரிக்கும்தான் இந்தக் கட்டுப்பாடு. அப்பால துண்ட அவுத்துடுவேன், ஊரே வரலாம். இன்னா, யாரும் வர்றதில்ல" என்று சிரித்தார்.

அதன் பிறகு துண்டைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுவேன். கடந்த புதன்கிழமை மாலையும் அப்படித்தான். கேட்டருகே சற்று நின்றேன். தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிவிட்டேன்.

புதன் காலை விழுந்திருக்க வேண்டும், வியாழன்தான் உயிர் பிரிந்திருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

"நானும் துண்டப் பாத்துட்டுதான் சார் கூப்புடல. சனிக்கெழமலேந்து தொங்கிக்கினு கீது" என்றார் சரசு.

அடக்கத்துக்கு மானாம்பதிக்குக் கொண்டுபோகும் முன், அந்தச் சிறிய அறைக்குள் தெருவே வந்து நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. ஜோடி மீன்கள் கண்ணாடி வரை வந்து எங்களை முறைத்தன. அவற்றின் பின்னால், கடுகை இறைத்ததுபோலக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

வெளியே போய்த் துண்டை அவிழ்த்தேன். முடிச்சை இறுக்கமாகப் போட்டிருந்தார். நேரம் பிடித்தது.

குஞ்சுகள் நீந்திவிட்டன, கண்டக்டரே. எல்லோரும் வந்திருக்கிறோம். போய் வாருங்கள்.