நாற்பத்தொரு மைதானங்களும் ஒரு காலடியும்

என் வீட்டுக்காரர் கண்ணாடி லாரி ஓட்டுகிறார். ஆள் உயரக் கண்ணாடிகளைச் சட்டத்தில் சாய்த்துக் கட்டி, பள்ளம் மேடு பார்த்து, ஆமை வேகத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. போய்ச் சேர்ந்தால் சரக்கு இறக்க நாலு மணி நேரமாவது ஆகும். ஓட்டுநர் அதில் கை வைக்கக் கூடாது. மற்றவர்கள் அந்த நேரத்தில் நன்றாகத் தூங்குவார்கள். இவர் தட்டு எறியப் போய்விடுவார்.

டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடை. எத்தனை எறியில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதுதான் ஆட்டம். ஒன்பது வருடங்களுக்கு முன் காட்டோரத்தில் ஒரு கிடங்கில் காத்திருந்தபோது பழகிக்கொண்டு வந்தார். சோறு போடாத தட்டு என்று நான் கேலி செய்தேன். எனக்குத் தையல் வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பியதும் என் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மைதானக் கணக்கு எழுதும் நோட்டைத் திறந்தால், ஊரைத் தாண்டாத எனக்கு உலகமே கண்முன் விரியும். "மலை மேல காத்து லேசு. தட்டு மிதக்கவே மாட்டேங்குது, சட்டுனு சாஞ்சு எறங்கிடுது. கடலோரத்துல நேர் எதிர். காத்து அடியில புகுந்து தூக்கிட்டுப் போயிடும். காட்டுல காத்தே கிடையாது, ஆனா ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு கதவு அகலம்தான் வழி." ஒரே நீலத் தட்டு, நாற்பத்தொரு மைதானங்களில் நாற்பத்தொரு விதமாகப் பறந்தது. பொத்தான் வைக்கிற ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

எறியும் இடத்திலிருந்து கூடை வரை எல்லாத் தூரத்தையும் காலடியால் அளந்து எழுதுவார். டேப் எடுத்துப்போகச் சொன்னால், "என் காலை விட நல்ல டேப் எது?" என்பார். உண்மையிலேயே நெடுங்கால் மனிதர். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார். பின்னாலிருந்து கத்துவதே என் வேலை. சில வருடங்களாகத்தான் என்னோடு சேர்ந்து நடக்கிறார். வயதானால் ஆம்பிளைக்கும் பாசம் வரும் என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பூங்காவிலும் ஒன்பது கூடைகள் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். இடம் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டில் ஒன்று, மலையில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று என்று ஒன்பது ஊர்களில் தமக்குப் பிடித்த கூடையைப் பொறுக்கி எடுத்து, அதே தூரத்தில் இங்கே வைப்பது என்று முடிவு செய்தார். நோட்டைப் பார்த்துக் காலடி எண்ணி ஒன்பது கொடிகளை நட்டார். அன்று மதியம் நானும் போயிருந்தேன்.

பூங்கா அதிகாரி ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு கான்கிரீட் போடுறோம். போட்டுட்டா அப்புறம் நகர்த்த முடியாது, பாத்துக்குங்க."

இவர் காட்டுத் தூரத்துக்கு நட்ட கொடியைப் பார்த்து நீலத் தட்டை எறிந்தார். முதன்முறையாக அதை நேரில் பார்த்தேன். சத்தமே இல்லை. கையிலிருந்து பிரிந்த தட்டு மட்டமாகப் போய், நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மெல்லச் சாய்ந்து இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைப் போய் இத்தனை நாள் கேலி செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் தட்டு கொடியைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது. "காட்டுல எப்பவும் பத்தடி முன்னாலயே விழுமே. இந்த ஊர்க் காத்து வேற போல," என்று தலையைச் சொறிந்தார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். அந்தக் காட்டு மைதானத்துக்கு மட்டும் வருடம் தவறாமல் போயிருக்கிறார். அதன் முதல் கூடை, முதல் வருடம் நூற்றுப் பத்து காலடி; பூங்காவில் கொடி நட்டது இந்தக் கணக்கில்தான். இரண்டாம் வருடமும் நூற்றுப் பத்து. மூன்றாம் வருடம் நூற்றுப் பதினாறு. அப்படியே ஏறி ஏறி இந்த வருடம் நூற்று முப்பத்து நாலு. ஓரத்தில் வருடாவருடம் ஒரே குறிப்பு: 'கூடையை மறுபடியும் தள்ளி வைத்திருக்கிறார்கள்.'

கான்கிரீட்டில் நிற்கும் கூடையை எப்படித் தள்ளி வைப்பார்கள்?

எனக்குச் சட்டென்று இவருடைய பேன்ட்டுகள் நினைவுக்கு வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பு அடித்துக் கொடுக்கிறேன். தரையில் இழுபட்டுத் தேய்வது எப்போதும் இடது கால்தான். கிளட்ச் மிதிக்கிற கால். செருப்பைத் திட்டிக்கொண்டே தைத்திருக்கிறேனே தவிர, காலைக் கேட்கவில்லை.

"எந்திரிங்க. தெருவுல பத்து காலடி நடங்க."

நடந்தார். தையல் டேப்பை விரித்து அளந்தேன். காலடி ஒன்றுக்கு இருபத்தாறு அங்குலம். காட்டுக் கூடையை நூற்றுப் பத்து காலடியில் எட்டிய நாட்களில் அது முப்பத்தொன்றுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

கணக்கைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. "அப்ப ஒம்பது வருஷமா நான் எழுதுனது எல்லாம் குப்பையா?"

"குப்பை இல்லைங்க. காட்டுக் கூடை அசையலை. அதை வெச்சு ஒவ்வொரு வருஷமும் உங்க காலடி எவ்வளவுன்னு கண்டுபிடிச்சிடலாம். மத்த ஊரையெல்லாம் அதால திருத்திக்கலாம்."

அவர் வாசிக்க, நான் துணி வெட்டும் சுண்ணக்கட்டியால் மேஜையிலேயே எழுதினேன். போன வருடம் போய், இருப்பதிலேயே நீளம் என்று அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்த கடலோர மைதானம், மலை மைதானத்தை விடக் குட்டை என்று தெரிந்தது. எந்த ஊர் பெரிது, எந்த ஊர் சிறிது என்பதெல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு வரிசை: முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு.

"மூணாவது வருஷத்துலேர்ந்தா வலி?" என்றேன்.

இருபத்தாறின் மேல் விரலை வைத்தார். "சொன்னா வண்டிய எடுக்க விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான்.

காலையில் ஆறு மணிக்கே துணி காயப்போடும் கயிற்றை அளந்து எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். எட்டு மணிக்குள் ஒன்பது கொடிகளும் சரியான இடத்துக்கு வந்துவிட்டன. காட்டுக் கொடிக்கு அவர் தட்டை எறிந்தார். சரியாகப் பத்தடி முன்னால் விழுந்தது. குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

தட்டை எடுக்க இருவரும் பனி ஈரப் புல்லில் நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசைத் தடங்கள், பக்கம் பக்கமாக, ஒரே இடைவெளியில். ஊரெல்லாம் பாசம் என்று சொல்லிப் பெருமை அடித்தேனே, அது இதுதான். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போலாம்," என்றேன். முப்பது வருடங்களாகச் சொல்கிற வார்த்தைதான், இந்த முறை எனக்காகச் சொல்லவில்லை.