ஹாலிஸ் டார்ப்லியின் கழுதை டை

எங்கள் டன்மோர் ஊரில் ஹாலிஸ் டார்ப்லியைத் தெரியாதவர் கிடையாது. இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சிவப்பு விளக்கில் நின்றால் போதும், பின்னால் திரும்பி, போன சனிக்கிழமை ஆட்டத்தில் கோச் செய்த மடத்தனத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார். பச்சை விளக்கு வந்ததைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். அப்பேர்ப்பட்டவர் ஒன்றரை வருடமாக ஞாயிறு தோறும் சர்ச்சுக்கு ஆரஞ்சு நிற டை கட்டிக்கொண்டு வந்தார். டையின் நடுவே பல்லை இளித்துக்கொண்டு ஒரு கழுதை.

கழுதை, அவர் மனைவி வைனெல் படித்த டல்லி ஸ்டேட்டின் சின்னம். ஹாலிஸ் படித்தது ஹார்வெல். அவர்களுக்குப் பச்சை நிறம், மீன்கொத்தி. இரண்டு காலேஜுக்கும் நாற்பது மைல் தூரம், நடுவில் எங்கள் ஊர். நூற்றுப் பன்னிரண்டு வருடமாக நவம்பர் கடைசி சனிக்கிழமை இரண்டும் ஃபுட்பாலில் மோதும். அன்றைக்கு டன்மோரில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வைத்தால் பாஸ்டரே வர மாட்டார். எந்தப் பக்கமும் சேராதவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். காலேஜ் வாசலை மிதிக்காமல் தபால்காரன் ஆனவன். அதனால் அடுத்த வீட்டு டார்ப்லிகளின் புகாரெல்லாம் வேலி தாண்டி என்னிடம்தான் வந்து சேரும்.

கல்யாணமான வாரமே இருவரும் சர்ச் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தோற்ற பக்கத்தார், இரு அணியும் மறுபடி மோதும் வரை, சர்ச்சுக்குள் ஜெயித்தவர் நிறத்தை அணிய வேண்டும். அதைச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். முப்பத்தொரு வருடத்தில் வைனெல் பச்சை ஸ்கார்ஃப் சுற்றியது பதினான்கு வருடம். மீதி பதினேழும் கழுதை.

கடைசி ஆட்டத்தில் ஹாலிஸ் தோற்றது மற்ற தோல்விகளைப் போல இல்லை. ஹார்வெல்லுக்குப் பந்து வீசி அணியை நடத்திய பையன் டால்டன் மீது அவருக்கு அவ்வளவு பிரியம். தன் நாய்க்கே டால்டன் என்று பெயர் வைத்திருந்தார். இப்போதுதான் ஆட்டக்காரர்கள் வருடா வருடம் காலேஜ் மாறலாமே. டால்டன் ஒரு ஜனவரியில் டல்லி ஸ்டேட்டுக்குத் தாவினான். அங்கே ஒரு லாரி விற்பனைக்காரர் அவனுக்குக் காசும் கொடுத்து, அவன் முகத்தை நெடுஞ்சாலை ஓர விளம்பரப் பலகையில் நாற்பதடிக்கு வரைந்து வைத்தார். நவம்பரில் அவன் ஹார்வெல்லைப் போட்டுத் துவைத்து எடுத்துவிட்டான். நாய்க்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தார் ஹாலிஸ். அது திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் இடி விழுந்தது. டிவிக்காரர்கள் கொட்டிய பணத்துக்கு மயங்கி ஹார்வெல் லீக் மாறிவிட்டது. இனிமேல் இரண்டாயிரம் மைல் விமானத்தில் போய், பசிஃபிக் கரையில் ஆடுவார்களாம். அங்கே இருப்பவர்களுக்கு ஹார்வெல் ஒரு ஊரா, சோப்பா என்றுகூடத் தெரியாது. டல்லியோடு ஆட அட்டவணையில் இடமில்லையாம். எனக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. இருந்தாலும் வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் வேலியோரம் இருவரும் நின்றிருந்தார்கள். ஹாலிஸுக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது.

"வைனெல், இனிமே ஆட்டமே கிடையாதுன்னா, நான் இந்தக் கழுதைய எப்ப அவுக்கறது?"

"மறுபடி மோதும்போது."

"மோதவே மாட்டாங்களேடி!"

"அதுக்கு நான் என்ன பண்ண? எழுதினது எழுதினதுதான்." வைனெல் பள்ளியில் கணக்கு டீச்சர். அரை மார்க்குக்குக்கூட இரக்கம் காட்டியதில்லை.

"அப்ப என்னைப் பொட்டில வச்சு மூடும்போதும் இதேதானா?"

"சவ ஆராதனை சர்ச்சுக்குள்ளதான நடக்கும்? அப்ப ஆமா."

ஹாலிஸ் சும்மா இருக்கவில்லை. ஹார்வெல் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நன்கொடை கேட்டு அழகான பதில் வந்தது. விளையாட்டு ரேடியோவுக்கு வாரா வாரம் போன் போட்டார். கடைசியில் "டன்மோர் ஹாலிஸா? நேரம் முடிஞ்சு போச்சு சார்" என்று நிகழ்ச்சி ஆரம்பத்திலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த நவம்பர் கடைசி சனிக்கிழமை ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. ஹாலிஸ் கூரையோர மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் மகள் ஷெல்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஏப்ரல் மாதம், எங்கள் சர்ச்சில்.

"அப்பா, என் கல்யாண போட்டோ எல்லாத்துலயும் ஒரு கழுதை இளிச்சுக்கிட்டு நிக்கப் போகுதா?"

"உங்கம்மாவைக் கேளு."

"கல்யாணத்துக்கு விலக்குன்னு அந்தப் பேப்பர்ல ஒரு வரி காட்டு, விட்டுடறேன்" என்றாள் வைனெல்.

ஹாலிஸ் என்னிடம் வந்து புலம்பினார். "வெர்னன், எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவ கையப் பிடிச்சு நடக்கற அந்த அம்பதடியாவது என் கலர்ல நடக்க வேணாமா?" அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், மேலே மாட்டியிருந்த ஒப்பந்தத்தை மறுபடி படித்தாராம். "இரு அணியும் மோதும் வரைன்னுதான இருக்கு? காலேஜ் பசங்கதான் ஆடணும்னு எங்க இருக்கு?" கேட்டுக்கொண்டே வெண்ணெய்க் கையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார். இரண்டே வாரத்தில், ஊரில் உள்ள பழைய மாணவர்களைப் பிடித்து, பக்கத்துக்கு ஏழு பேர் சேர்த்தார். கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை, உயர்நிலைப் பள்ளி மைதானம். மோதித் தள்ளினால் எலும்பு தேறாது என்பதால், இடுப்பில் துணிப்பட்டை தொங்கவிட்டு, பட்டையைப் பிடுங்கினால் ஓடுகிறவன் விழுந்த கணக்கு. நடுவர் பாஸ்டர் கெய்ன்ஸ். கோட்டோரம் நின்று, தப்பாட்டம் கண்டால் கொடி வீச நான்.

வைனெல் உடனே ஒத்துக்கொண்டாள். டல்லி பக்கம் தானும் ஆடுவேன் என்றாள். எனக்குச் சந்தேகம்.

"பொண்ணு கல்யாணமாச்சேன்னு விட்டுக் கொடுக்கப் போறியா?" என்று வேலியோரம் கேட்டேன்.

துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "வெர்னன், ஆட்டம் நின்னதுலேர்ந்து அந்த மனுஷன் என்கூடச் சண்டையே போடறதில்ல தெரியுமா? முன்னெல்லாம் வருஷம் முச்சூடும் வாய் ஓயாது. இப்ப என்ன சொன்னாலும் 'சரிம்மா'ங்கறார். வீட்டுல வாடகைக்கு ஒருத்தரைக் குடிவச்சிருக்கற மாதிரி இருக்கு. இத்தனை நாளா ஜெயிச்சுக்கிட்டிருக்கேன், ஒரு நாள்கூட நல்லா இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "விட்டுக் கொடுத்தேன்னு தெரிஞ்சா என்னை மன்னிக்கவே மாட்டார்."

ஆட்டத்துக்கு ஊரே திரண்டது. வறுத்த கோழியும் இறைச்சிப் புகையும் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டன. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு முட்டி வலி. கடைசி நிமிடம் ஹார்வெல் நாலு பாயிண்ட் பின்னால். அவர் அணியில் ஆடிய ஊர்ப் பல் டாக்டர் வீசிய பந்தை ஹாலிஸ் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். கோட்டுக்குப் பத்து கஜம், தாண்டினால் வெற்றி. பள்ளிக்கூட பஸ் வேகத்தில் ஓடினார். எதிரே ஒரே ஆள், வைனெல்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். நன்றாகவே பார்த்தேன். இடது கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தி, வலது கையால் பட்டையை உருவினாள். அத்தோடு நேரம் முடிந்து டல்லி ஜெயித்தது. சுத்தமான தப்பாட்டம். கொடியை வீசியிருந்தால் ஹாலிஸுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும். என் கை எழும்பவில்லை. பாஸ்டர் என்னவோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டையப் பிடிச்சா! பிடிச்சா! வெர்னன், கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"ஓடத் தெரியாதவனுக்குச் சட்டை மேல பழி" என்றாள் வைனெல்.

"நீயா பேசற? டால்டனைக் காசு குடுத்துத் தூக்கின கூட்டம்தான நீங்க!"

"நீங்க வேலைய விட்டுத் தூக்கின கோச்சுக்குச் சும்மா உக்காரக் கோடிக்கணக்குல குடுக்கறீங்களே, அதுக்கு இது தேவல!"

மைதானத்திலிருந்து வீடு வரை கத்திக்கொண்டே போனார்கள். வீட்டுக்குள்ளும் ஓயவில்லை. ராத்திரி பத்து மணிக்கு என் ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று. சந்தோஷமாகச் சாத்தினேன்.

கல்யாணத்தன்று ஹாலிஸ் கழுதை டையோடுதான் மகள் கையைப் பிடித்து நடந்தார். நடக்கிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் குனிந்து, "சட்டையப் பிடிச்சா, நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஷெல்பிக்குச் சிரிப்பு தாங்காமல் கண்ணில் நீர் வழிந்து, மை கரைந்தது.

பாஸ்டர் கெய்ன்ஸ் வழக்கப்படி கேட்டார். "இந்தப் பெண்ணை மணம் முடித்துக் கொடுப்பது யார்?"

ஹாலிஸ் நிமிர்ந்து நின்றார். "நானும், என் சட்டையப் பிடிச்சு இழுத்த இவ அம்மாவும்" என்றார்.

முதல் வரிசையில் வைனெல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சர்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அடுத்த வருஷம் ஏப்ரல்ல மைதானத்துக்கு வா, பாத்துக்கலாம்."