முன்கோபக்காரி

தையல் கம்பெனியில் அவள் செக்கர். ஊசி போகிற போக்கைப் பார்த்தே, இன்னும் விழாத கோணல் தையலுக்கு இப்போதே திட்டிவிடுவாள். அங்கே அவளுக்கு முன்கோபி என்று பேர். மற்றவர்களுக்குச் சட்டென்று வந்தால் முன்கோபம்; இவளுக்குத் தப்பு நடப்பதற்கு முன்பே வந்துவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் மோட்டார் மெக்கானிக். மத்தியான ரயிலில் அக்கா வருகிற அன்று, காலையில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்தாள்.

“எங்கேயாவது ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பீங்க. எங்கக்கா ஸ்டேஷன் வாசல்ல பெட்டியும் கையுமா வெயில்ல காயப்போறா. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?”

“அக்கா இன்னும் ரயிலே ஏறியிருக்க மாட்டாங்கடி!”

“நடந்தப்புறம் திட்டி என்ன பிரயோஜனம்?”

வாங்கின திட்டு வீணாகாமல் இருக்க, போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ரோஷம் விடவில்லை. ரயிலுக்கு முன்பே போய் நின்றான். ஆட்டோ பிடித்து அக்காவைப் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கினான்.

கதவில் பூட்டு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றவள், திட்டுகிற மும்முரத்தில் கைப்பையோடு கொண்டுபோயிருந்தாள். வேலை நேரத்தில் போனை எடுக்க கம்பெனியில் விடமாட்டார்கள். இரண்டு பேரும் சாயங்காலம் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வந்து பார்த்தவளுக்கு முகம் செத்துப்போயிற்று. “ஐயையோ, சாவி!”

அவன் வாயே திறக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஏதாவது சொல்லித் தொலைங்களேன்!”

“காலையிலயே எல்லாத்தையும் நீயே சொல்லிட்ட. ஆள்தான் மாறிப்போச்சு.”

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சின்ன வயசுல என்னைக் குளியலறையில வச்சு வெளிய தாழ்ப்பாள் போட்டவதானே இவ! நான் மறக்கல.”

“அப்ப எனக்கு ஆறு வயசுக்கா! அந்த நான் வேற, இந்த நான் வேற.”

“அப்படியா? அந்த ஆறு வயசுக்காரியக் கூப்பிடு, அவகிட்டயே பேசிக்கிறேன்.”

அவன் குபீரென்று சிரித்துவிட்டான். அவள் கதவைத் திறந்து உள்ளே போய் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது தம்ளர் காலியானதும் அக்காவின் முகம் இளகியது.

“சரி, போ. அந்தக் குளியலறைய மன்னிச்சாச்சு.”

“அப்ப இன்னைக்குச் சாவி?”

“அது இன்னும் சூடா இருக்கு. அதை மன்னிக்க எனக்கு இன்னும் வயசாகணும்.”

அவள் தைலப் புட்டியை எடுத்துவந்து, அக்காவின் இடுப்புக்குத் தேய்க்க உட்கார்ந்தாள்.