நேரங்கெட்ட நேரத்தில் ஊதிய சங்கு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு விடியற்காலையில் ஒருமுறை ஊதும். ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள். சாயங்காலம் வேலை விடும்போது மறுபடி ஊதும். இந்த இரண்டு நேரமும் அல்லாமல் ஊதினால் தொழிற்சாலையில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வாளியும் நனைத்த சாக்குமாக எல்லோரும் ஓடிவர வேண்டும். வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஆட்கள் மட்டுமல்ல, நோர்வூட் ரோட்டில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களக் கிராமத்தாரும்கூட வருவார்கள். மற்ற நாள்களில் பார்த்தால் ஒரு தலையசைப்போடு சரி.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பிரித்துக்கொண்ட சமயம் அது. லயத்தில் யாரைப் பார்த்தாலும், “நீங்க அங்கயா, இங்கயா?” என்பதுதான் பேச்சு. அம்மாவின் தம்பியான என் மாமா அதற்கு முன்பே இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தார். அப்பா இங்கேயே இருப்பதென்று மனுப் போட்டிருந்தார். ஒருநாள் பேச்சு முற்றி, “போறவன் போகட்டும். ஆனா என் வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார்.

மாமா வாசற்படியை மிதிக்கவில்லை. இந்தியாவுக்கும் போகவில்லை. எப்போது பயணம் என்று யாராவது கேட்டால், “பாப்போம்” என்பார். லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்த அவருக்கு அம்மா என்னிடம் சோறு கொடுத்தனுப்புவாள். அது அப்பாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்காக அந்த நேரம் பார்த்து அவர் கோழிக்கூட்டைப் பழுதுபார்க்கப் போய்விடுவார். எங்கள் கோழிக்கூட்டைப் போல அவ்வளவு பழுதுபார்க்கப்பட்ட கூடு அந்த மலையிலேயே இருந்திருக்காது.

தைப்பொங்கலுக்கு முந்திய ஒரு நாள், வேலை விட்டு வந்து அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. விடாமல் ஊதியது. மாமாவுக்குத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடும் வேலை; அந்த நேரம் உள்ளேதான் இருப்பார். அப்பா வாளியைத் தேடவில்லை. போட்டிருந்த கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு ஓட, நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தொழிற்சாலை முற்றம் நிறைய ஆட்கள். ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை தலையில் ஈரச்சாக்கோடு நின்றார். நானா கடையில் மண்ணெண்ணெய் அளக்கும் தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதில் நெருப்பை அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் புகையைக் காணோம். படியில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிங்களவர், கண்டிப்பானவர், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“நெருப்பு இல்ல, நெருப்பு இல்ல. கிரிக்கெட். ரேடியோல சொன்னது. நம்ம ஆளுங்க இந்தியாவுக்கே போய் இந்தியாவ அடிச்சது. நம்ம ஜெயிச்சது.”

தண்ணீரும் கையுமாக நின்ற கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துரைமார்கள் கிளப்பில் ஆடுவதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி, எங்களில் பாதிப்பேருக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. கிராமத்துப் பையன் ஒருவன்தான் முதலில் வாளித் தண்ணீரை மேலே வீசினான். அது கணக்கப்பிள்ளை மேல் விழுந்தது. அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. யார் யாரை நனைக்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லோரும் நனைந்தார்கள். கை தட்டினார்கள். எந்த நாட்டுக் கணக்கிலும் அதுவரை சேராதவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

அப்பா இது எதையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய், மாமாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

“விடுங்க மச்சான், ஒண்ணும் எரியல.”

“எரியலன்னா எதுக்குடா ஊதுனாங்க?”

விஷயம் தெரிந்த பிறகும் அப்பா அந்தக் கையை விடவில்லை. “ஒங்க மச்சினனோட நாடு தோத்துப்போச்சாமே” என்று கூட்டத்தில் யாரோ கேலி செய்தார்கள். முதலில் சிரித்தது அப்பாதான்.

மிச்சமிருந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, கப்பலுக்குப் போகும் முதல்தரத் தேயிலையை அதில் போடச் சொன்னார் டீமேக்கர். நாங்கள் வீட்டில் குடிப்பது கடைசியில் சலித்து ஒதுக்கிய தூள். தாங்களே பறித்த கொழுந்துக்கு இப்படி ஒரு ருசி உண்டென்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. நானா கடையிலிருந்து ஒரு மூட்டை பணிஸ் ரொட்டி கொண்டுவரச் சொன்னார். கணக்கப்பிள்ளை ஆட்களோடு ஆளாகத் தரையில் உட்கார்ந்தார்.

“தோத்தவனுக்கும் டீ உண்டா?” என்றார் மாமா.

அப்பா தன் கையிலிருந்த குவளையை நீட்டினார். “குடி. போற எடத்துல இது கெடைக்குமோ என்னமோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தன் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு, அடுப்பு அணைந்துபோயிருக்கும் என்று சொல்லி எழுந்து போனாள். ஊரே கொண்டாடும்போது இவளுக்கு அடுப்புதான் பெரிதா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பொங்கலன்று மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா அவருக்கு இரண்டாம் முறை பொங்கல் வைக்கச் சொன்னார். மாமா இனிப் போகமாட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பொங்கலுக்கு முந்திய மாதம் அடித்த புயலில் நின்றுபோயிருந்த இந்தியக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் மாமா கிளம்பினார். ஹட்டன் ஸ்டேஷன்வரை அவருடைய பெட்டியை அப்பாதான் தலையில் சுமந்து வந்தார். ரயில் போன பிறகும் நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “அவங்கதான் ராசியாயிட்டாங்களேம்மா, அப்பறம் ஏன் மாமா போறாங்க?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்காள் புருஷனிடம் பேச்சில்லாமல் கடல் தாண்ட மனசு வராமல்தான் மாமா அத்தனை நாள் இருந்தார் என்பதும், அது தெரிந்தேதான் அப்பா அத்தனை நாள் கோபத்தை விடாமல் வைத்திருந்தார் என்பதும், அன்றைக்கு எனக்குத் தெரியாது.