வண்டிதான் இழுக்கிறது

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். வீடு கட்டும் நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும், கோணலாகத் தொங்குகிற காலண்டரை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற கவலையெல்லாம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், பெயருக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து மகன் சொல்லிவிட்டான், "அப்பா, உங்களுக்கு வண்டியை நேரா ஓட்ட வரலை."

போன தடவை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தியைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போய் விளக்குக் கம்பத்தில் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு அது கை தட்டியது. மருமகள்தான் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வண்டிதான் இழுக்குது. ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு" என்றார் இவர்.

"சரிப்பா. சரி பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து நானே ஓட்டிப் பாக்கறேன். அப்பவும் இப்படித்தான்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும்."

பெற்ற பிள்ளை நிபந்தனை போடுகிறான். கோபம் வந்தது. மென்று விழுங்கினார், ஏனென்றால் அந்த வீட்டில்தான் அவர் மனைவி இருக்கிறாள்.

குழந்தை பிறந்தபோது உதவிக்கென்று போனவள். தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை யார் பார்ப்பது? யார் மேலும் தப்பில்லை. மகன் இவரையும் கூப்பிட்டான். அந்த அடுக்குமாடி வீட்டில் இவருக்கு ஹாலில் சோபாதான் படுக்கை. ஒரு வாரம் படுத்துப் பார்த்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அதற்கப்புறம் வாரக் கடைசி வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு பாதி நாள் ஓட்டிக்கொண்டு போவார், மனைவி கையால் சாப்பிடுவார், மறுநாள் திரும்புவார். பஸ்ஸில் போக மூட்டுவலி விடாது. வண்டி போய்விட்டால் அவர்களாகப் பார்த்துக் கூப்பிடுகிறவரை இவர் வீட்டிலேயே காத்துக் கிடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வண்டியை வாசலில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்துவிட்டார். இந்த வேலைகளை அவர் வொர்க்‌ஷாப்புக்குக் கொடுத்ததே இல்லை. பிரேக் கட்டை, பெல்ட் எல்லாம் இந்த வாசலில் வைத்து மாற்றியதுதான். ஸ்டியரிங்கிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற கம்பியின் நுனியில் ஒரு மூட்டு இருக்கிறது. டை ராட் எண்ட் என்பார்கள். நம் தோள்பட்டை போலக் கிண்ணத்துக்குள் குண்டு உட்கார்ந்திருக்கும். குண்டு தேய்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசைக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து மூட்டைக் கவனிக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் மனைவிதான். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் அவர் கீழேயிருந்து சொல்கிற அளவுக்கு மயிரிழை பிசகாமல் திருப்புவாள். நடுவில், "உயிரோடதான் இருக்கீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்பாள்.

இப்போது ஆள் இல்லை. எதிர்வீட்டில் கேட்கலாம். கேட்டால், "அம்மா இன்னும் வரலையா சார்?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. செல்போனை வீடியோவில் போட்டு, மூட்டு தெரிகிற மாதிரி சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் சாய்த்துவைத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசைத்தார். இறங்கிவந்து, சாக்கில் உட்கார்ந்து பார்த்தார்.

மூட்டு நன்றாகவே ஆடியது. கிண்ணத்துக்குள் குண்டு லொடலொடவென்று துள்ளியது. ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று மனசுக்குள் கொக்கரித்தார். அப்போதுதான் வீடியோவில் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம்... மெதுவா... ம், போதும். போதும்னு சொல்றேன்ல. இப்ப அந்தப் பக்கம். கை வலிக்குதா? சரி, விடு."

அவர் குரல்தான். திருப்பச் சொன்னதும் அவரே, திருப்பியதும் அவரே. பேசியதே அவருக்குத் தெரியாது. தெருவில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தார். காய் வாங்கிக்கொண்டு ஒரு அம்மாள் போனாள், அவள் தன் பாட்டில் போனாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும் அழுகை வந்தது. புழுதிக் கையால் கண்ணைத் துடைத்து, அந்த எரிச்சலையே சாக்காக வைத்துக்கொண்டு கொஞ்சம் தாராளமாகவே அழுதார்.

பிறகு வேலையைப் பார்த்தார். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். நட்டுக்குக் காவலாக இருந்த பின்னைப் பிடுங்கினார். நட்டு வந்துவிட்டது, மூட்டு வரவில்லை. அதை நேராக அடிக்கக் கூடாது, அது பிடித்துக்கொண்டிருக்கிற இரும்பின் விலாவில் அடிக்க வேண்டும். சுத்தியலால் விட்டார் நாலு அடி, மகனை நினைத்துக்கொண்டு ஒரு அடி. தொப்பென்று விழுந்தது. பழையது எதுவரை முடுக்கியிருந்ததோ, முன்பே வாங்கி வைத்திருந்த புதியதையும் அதுவரை முடுக்கினால்தான் சக்கரம் கோணாது. மற்றவர்கள் சுண்ணாம்பில் குறி வைப்பார்கள். இவர் அலமாரியிலிருந்து வரைபட ஸ்கேலையே எடுத்துவந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளந்தார். இரண்டு பக்கமும் மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள், சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கிற அலைன்மெண்ட் கடையில் காட்டினார். கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "நான் தொட வேண்டியதே இல்லை சார். எந்த வொர்க்‌ஷாப்ல போட்டீங்க?" என்றார். இவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். திரும்பி வரும்போது வழியெல்லாம் வண்டி நேராகப் போவதாகத்தான் அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகன் பஸ்ஸில் வந்தான். முதலில் அவன் ஓட்டினான், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வெளியே நீண்ட சாலையில் அவன் ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான்.

"சூப்பர்ப்பா. ரயில் மாதிரி போகுது. இழுக்கவே இல்லை."

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கலை." அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். ஓரமாக நிறுத்தி இடம் மாறினார்கள்.

ஸ்கேல் ஓட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். மகன் ஏதோ பேசிக்கொண்டு வந்தவன் பேச்சை நிறுத்தினான். சற்றுப் பொறுத்து அவன் கை நீண்டுவந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்லத் திருப்பியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் வந்தது.

"நான் நேராத்தானேடா போறேன்?"

"இல்லப்பா."

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வண்டிதான் இழுக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்ல முடியவில்லை. அந்த ஒரு சாக்கையும் அவரே சாக்கு விரித்துப் படுத்து, அளந்து, கழற்றிப் போட்டிருந்தார். அரைகுறையாக வேலை செய்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்.

நிறுத்தினார். வீடு வரை மகன்தான் ஓட்டிவந்தான். வாசலில் இறங்கியதும் மகன் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளத் தயங்கி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"வச்சுக்கோ. நல்லா இருக்கிற வண்டி, நிறுத்தி வச்சா வீணாப் போயிடும்" என்றார் இவர். "பாப்பாவை முன்சீட்டுல உக்கார வைக்காத."

வண்டி தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, வண்டி சரியாயிடுச்சா?"

"வண்டி சரியாயிடுச்சு. நான்தான் சரியில்லை. சாவியைக் குடுத்துட்டேன்."

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடிக்கிற சத்தம் கேட்டது.

"நீ வந்துடேன்" என்றார். அவள் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாராவாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர். "எனக்கு இங்க தனியா இருக்க முடியலை."

அவள் தணிந்த குரலில், "இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு வண்டி போக வேண்டியிருந்ததா?" என்றாள்.