ஆடி வெள்ளிக் கோலமும் சந்து முனைப் பள்ளமும்

எங்கள் பவானிபூர் சந்தின் முனையில் இருந்த கல் வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை உடைந்தது. சுர்க்கி என்னும் செங்கல் தூள் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று திரும்ப இடமில்லாமல் பின்வாங்கியபோது அதன் சக்கரம் கல்லின் நடுவில் ஏறியது. வண்டிக்காரன் மாடுகளைத் திட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிரவே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். ஒரு கல் உடைந்ததை எழுதி வைப்பானேன் என்று என் மனைவி கேட்டாள். எழுதி வைத்தது எவ்வளவு சரி என்று நாலு மாதத்தில் அவளுக்கே தெரிந்தது.

சந்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் உடைத்த செங்கல் போட்டு இடித்த பாதை. வெயில் காலத்தில் அது சிவந்த தூசி, மழைக்காலத்தில் சிவந்த சேறு. இடப்புறம் வீடுகளை ஒட்டி ஒரு திறந்த சாக்கடை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதன் மேல் ஒரு கல் பாலம்போல் போடப்பட்டிருக்கும். சந்து முனையில் அந்தச் சாக்கடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பெரிய தெருவின் சாக்கடையில் போய்ச் சேரும். அந்தக் குறுக்கு வெட்டை மூடியிருந்த கல்தான் உடைந்து உள்ளே விழுந்தது. எங்கள் வாசலிலிருந்து அந்த இடம் நாற்பத்திரண்டு எட்டு. பள்ளத்தின் அகலம் இரண்டு முழம். இரண்டு காலும் நன்றாக இருப்பவன் தாண்டிவிடுவான்.

என் மைத்துனனுக்கு இரண்டு காலும் நன்றாக இல்லை. என் மனைவிக்கு இளையவன், அப்போது வயது இருபத்தேழு. மூன்று வயதில் வந்த ஜுரத்தில் இடது கால் சூம்பிப்போய், கக்கத்தில் கட்டையை ஊன்றித்தான் நடப்பான். கும்பகோணத்தில் பரீட்சை தேறியும் நாலு வருஷம் யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. கல்கத்தாவுக்கு வரவழைத்து, நானும் என் ஆபீஸ் சிநேகிதர்களும் சொல்லி, கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்த்தோம். ஆனி முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், திருப்தியானால் நிரந்தரம். மேலதிகாரியான துரை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். அந்த மூன்று மாதத்துக்குள் மூன்று முறை கதவுக்கு வெளியே நின்றால் வேலை இல்லை.

அவன் ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவான். பெரிய தெருவில் டிராம் ஏறி, மைதானத்தருகே வேறு டிராம் மாறி, ஒன்பதுக்குக் கால் மணி முன்னதாகப் போய்விடுவான். குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கல்கத்தாவில் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த டிராமை நம்பலாம். நம்ப முடியாதது எங்கள் வாசலுக்கும் டிராமுக்கும் இடையே கிடந்த பள்ளம் ஒன்றுதான்.

கல் உடைந்த மறுநாளே வார்டு ஆபீசுக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. மைத்துனன் வேலையில் சேரும் நாள் நெருங்கவே, பட்டறையில் சொல்லி இரண்டு விரற்கடை கனமுள்ள மாம்பலகை ஒன்றை வாங்கிப் பள்ளத்தின் மேல் போட்டேன். சந்தில் எல்லோரும் அதன் மேல்தான் நடந்தார்கள். எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் என்னைப் பார்த்து, முனிசிபாலிட்டி வேலையை மத்ராஸி பாபு செய்கிறார் என்று சிரித்தார். பதினெட்டு நாள் அந்தப் பலகை இருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கே சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, பொதுப் பாதையில் தனியார் தடங்கல் என்று சொல்லி, பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் கதவில் ஒரு நோட்டீசும் ஒட்டிவிட்டுப் போனார். பள்ளம் தடங்கல் இல்லை, பலகைதான் தடங்கல். அந்த நோட்டீசை இன்றும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மைத்துனன் பள்ளத்தின் இந்தப் பக்கம் வெகுநேரம் நின்று, கடைசியில் உட்கார்ந்து, தரையில் நகர்ந்து, உடைந்த கல்லில் கால் வைத்து அக்கரை ஏறினான். வேட்டி முழுவதும் சாக்கடை. திரும்பி வந்து துணி மாற்றிக்கொண்டு, கோணி ஒன்றை விரித்து அதன் மேல் நகர்ந்து மறுபடியும் கடந்தபோது மணி எட்டேகால். முதல் தடவை கதவு சாத்தியிருந்தது. மறுநாள் முதல் அதே கோணியின் மேல் நகர்ந்துதான் கடந்தான்; கையில் மிச்சமிருந்த கால் மணி அதற்கே சரியாகப் போயிற்று. அடுத்த வாரம் பெரிய மழையில் சாக்கடையும் சந்தும் ஒன்றாகிப் பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை. அது இரண்டாம் தடவை.

நான் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விடுகிறேன் என்று இரண்டு தடவையும் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "கிடங்கிலே மூட்டையைத்தான் தூக்கிண்டு வருவா, அத்திம்பேர். சீட்டு எழுதறவன் நடந்து வரணும்" என்றான்.

ஆபீசில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு நேரே வார்டு ஆபீசுக்குப் போனேன். மனுக்களின் நகல்களை மேஜைமேல் பரப்பினேன். அதன் பலனாக ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஓவர்சியர் வந்தார். குடையும் கையுமாக வந்த இளைஞர், மரியாதையாகவே பேசினார். வேலை நடக்கும் முறையை அவர்தான் விளக்கினார். அவர் முதலில் வந்து, மாற்ற வேண்டிய கல்லின் மேல் சுண்ணாம்பில் குறி போடுவார். நாலைந்து நாளில் கூலியாட்கள் புதுக் கல்லோடு வருவார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, சந்தின் பெயர் மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். வெள்ளைக் குறி எங்கே இருக்கிறதோ அந்தக் கல்லை எடுத்துவிட்டுப் புதிய கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். சொன்னபடியே பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். மழை வந்தால் சுண்ணாம்பு அழிந்துவிடாதா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக இப்படித்தான் நடக்கிறது என்று, 'மோஷாய்' என்ற வங்காளி மரியாதைச் சொல்லோடு சொன்னார்.

புதன்கிழமை மழை. வியாழன் மழை. வட்டம் போய்விட்டது. நானே சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போய் வட்டம் போட்டிருக்கலாம். அரசாங்கக் குறியைத் தனியார் போடுவது முறையல்ல என்று நினைத்துச் சும்மா இருந்தேன். பலகைக்கு நோட்டீசு வாங்கியவன் வேறென்ன நினைப்பான்?

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. ஆடி வெள்ளி. என் மனைவி வாசல் கல்லைக் கழுவி, அரிசி மாவில் புள்ளி வைத்து, கல் முழுவதையும் அடைத்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனாள். எங்கள் சந்தில் தினம் கோலம் போடும் வீடு எங்களுடையது ஒன்றுதான். வங்காளிகள் விசேஷ நாட்களில் வீட்டுக்குள்ளே மாக்கோலம் இழைப்பார்களே தவிர, தெருக்கல்லில் போடும் வழக்கமில்லை.

ஆறரை மணி இருக்கும். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஈரத் துணியோடு ஓடி வந்தேன். நாலு ஆட்கள், ஒரு தலையாள். எங்கள் வாசல் கல்லை நெம்பி எடுத்துப் பாதையில் சாய்த்திருந்தார்கள். அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. பாதிக் கோலம் அப்படியே இருந்தது. வாசற்படிக்கு முன்னால் சாக்கடை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

தலையாள் பீகார்க்காரர், நரைத்த மீசை. உடைந்த கல் அங்கே இருக்கிறது என்று சந்து முனையைக் காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் வந்தோம், அங்கே குறி இல்லை என்றார். இது குறி இல்லை, பூஜைக்காகப் பெண்கள் போட்டது என்று எனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் சொன்னேன். அவர் கோலத்தை உற்றுப் பார்த்தார்.

"ஓவர்சியர் பாபு சின்ன வேலைக்கு வட்டம் போடுவார். இவ்வளவு பெரிய குறி போட்டிருந்தால் பெரிய வேலை என்றுதானே அர்த்தம், பாபு" என்றார்.

அந்த ஆளின் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அப்போது இருந்தது. எடுத்த கல் முழுசாக இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் மேல் போடுங்கள் என்றேன். எடுத்த கல் டிப்போவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றார். கொண்டு வந்த புதுக் கல்லையாவது அங்கே போட்டுவிட்டு இதை இங்கேயே வையுங்கள் என்றேன். குறியில்லாத இடத்தில் கல் போட்டால் அன்றைய கூலி கிடைக்காது என்றார். நான் உள்ளே போய் நாட்குறிப்பைக் கொண்டு வந்து, ஓவர்சியர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வட்டம் போட்டார் என்று வாசித்தேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

புதுக் கல் எங்கள் வாசலுக்கு நாலு விரற்கடை நீளம் அதிகம். செதுக்க உட்கார்ந்தார்கள். ஏழரை அடித்தது. மைத்துனன் சட்டையும் தலைப்பாகையுமாகக் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றான். தலையாள் ஒரு ஆளைக் கூப்பிட்டு, பாபுவைத் தூக்கி இந்தப் பக்கம் விடு என்றார். மைத்துனன் தலையை ஆட்டி மறுத்தான். அவன் அக்காள் கதவுக்குப் பின்னாலிருந்து அழும் குரலில், "இன்னிக்கு ஒரு நாள்டா. யார் பார்க்கப்போறா?" என்றாள்.

சந்து முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டு அடித்தபோது நான் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நியாயம் முழுவதும் என் பக்கம் இருந்தது, தேதி கிழமையோடு இருந்தது, அதனால் நேரம் போவது எனக்குத் தெரியவில்லை. எட்டேகாலுக்கு மைத்துனன் என்னைக் கூப்பிட்டான். "அத்திம்பேர், படிச்சது போறும். வாங்கோ" என்றான். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு, வாசல் சாக்கடையை ஒரு தடவை, சந்து முனைப் பள்ளத்தை ஒரு தடவை தாண்டினேன். டிராம் வந்தது. கிடர்பூரில் கதவு சாத்தி அரை மணி ஆகியிருந்தது.

துரை கொடியவர் அல்ல. காரணத்தைக் கேட்டார். அன்று காலை வாசலில் ரஸ்தா வேலை நடந்ததால் வெளியே வர முடியவில்லை என்று வார்டு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தால் அந்த மூன்றாம் தடவையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதாகச் சொன்னார். ஒரே ஒரு கடிதம். இவ்வளவு பெரிய நகரம் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மறுநாளே இரண்டு பேரும் வார்டு ஆபீசுக்குப் போனோம். மறுபடியும் என் முதுகில்தான் பள்ளத்தைத் தாண்டினான். ஒரு தடவை ஒத்துக்கொண்ட பிறகு அவன் மறுக்கவில்லை. தலைமை குமாஸ்தா கண்ணாடி போட்ட மனிதர், வெற்றிலை போட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். எங்கள் சந்தில் ஒரு கல் சேதம் என்று மனு வந்தது, ஒரு கல் மாற்றப்பட்டது, காரியம் முடிந்தது என்றார். மாற்றிய கல் வேறு, உடைந்த கல் வேறு என்று சொன்னேன். ஒரு சந்துக்கு ஒரு வருஷத்தில் இரண்டாம் கல் வேண்டுமானால் புதிதாக மனுச் செய்யுங்கள் என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் மைத்துனனின் கட்டையைப் பார்த்தார்.

"வழி நடக்க முடியாதபடி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் இவர் எப்படி இங்கே வந்தார்?"

மைத்துனன் என்னை முந்திக்கொண்டு, சந்திலும் கிடங்கிலும் கற்றுக்கொண்ட வங்காள மொழியில் பதில் சொன்னான். அக்காள் புருஷனை வங்காளிகள் சொல்வதுபோலவே சொன்னான். "என் ஜாமாய்பாபுவின் முதுகில் ஏறி வந்தேன். இவருக்கு நாற்பத்தாறு வயசு. இந்த ரஸ்தாவை நீங்கள் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மராமத்து செய்வீர்கள் என்று சொன்னால், அதுவரைக்கும் இவர் தாங்குவாரா என்று பார்த்துக்கொள்கிறோம்."

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். தலைமை குமாஸ்தாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து பிரித்துப் பார்த்தோம். குறிப்பிட்ட சந்தில் ஒரு கல் மாற்றப்பட்டது என்றும், வேலை செம்மையாக முடிந்தது என்றும், பொதுமக்களுக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை என்றும் எழுதியிருந்தது. நான் திரும்பி உள்ளே போகப் பார்த்தேன். மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

துரை அந்தக் கடிதத்தைப் படித்தார். முனிசிபாலிட்டியே இடைஞ்சல் இல்லை என்று எழுதியிருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். நான் நாட்குறிப்பை நீட்டினேன். சொந்தக்காரர் எழுதியதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கில்லை என்றார். அதுவும் மரியாதையாகவே. ஆவணி பிறக்குமுன் மைத்துனன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார்.

என் மனைவி பல நாள் கோலம் போடவில்லை. தன்னால்தான் தம்பி வேலை போயிற்று என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்கிற காரியத்தை ஒருத்தி தன் வாசலில் செய்ததா குற்றம்? ஒரு மழைக்குத் தாங்காத சுண்ணாம்பை நம்பி ஒரு நகரம் தன் தெருக்களைப் பராமரிக்கிறதே, அது குற்றமில்லையா? அவளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் உரக்கச் சொன்னதால் அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

புரட்டாசியில் துர்கா பூஜை நெருங்கியது. எங்கள் சந்தின் உள்கோடியில் ஒரு ஜமீன்தார் வீடு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அங்கே பிரதிமை வைப்பார்கள். கடைசி நாள் பிரதிமையை ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு கங்கைக்குப் போவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மனுவும் இல்லாமல், ஒரு குறியும் இல்லாமல், பன்னிரண்டு ஆட்கள் வந்தார்கள். அரைப் பகலில் சந்து முனைப் பள்ளத்துக்கு இரட்டைக் கல் போட்டு, இடுக்கில் சுர்க்கி பூசி, சந்து முழுவதும் புதுச் செங்கல் இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டுப் போனார்கள். ஓவர்சியரும் நின்று பார்த்தார். என்னைப் பார்த்து நமஸ்காரம் செய்தார். நான் செய்யவில்லை.

சாயங்காலம் மைத்துனனை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். நாற்பத்திரண்டு எட்டையும் அவனே நடந்தான். கல்லின் நடுவில் நின்று, கட்டையால் இரண்டு தடவை ஓங்கிக் குத்தினான். அசையவில்லை. அப்பால் பெரிய தெருவில் கிடர்பூர் போகிறவர்கள் ஏறும் டிராம் மணியடித்துக்கொண்டு போனது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல் நன்னாத்தான் இருக்கு, அத்திம்பேர்" என்றான். "இனிமே எங்கே போறது?"